ஆத்துல தண்ணி

அந்தப் பாலத்தை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது. திறந்த நாளிலிருந்து அது எப்போது இடிந்து விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது பாட்டுக்கு நிற்கிறது. திருவண்ணாமலையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால், பாலம் வருவதற்கு முன்பே ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர் யாராவது "இன்னா வசதி பாருங்க, முன்னெல்லாம் மணல்ல நடந்தே சாவணும்" என்று ஆரம்பித்தால், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். அவருக்கு வசதி. எனக்கு அந்தப் பாலம் என்ன செய்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

பெண்ணை ஆற்றின் இந்தக் கரையில் ஒரு ஊர், அந்தக் கரையில் ஒரு ஊர். இந்தக் கரை எங்கள் மாவட்டம், அந்தக் கரை வேறு மாவட்டம். இரண்டும் டவுன் என்று சொல்லிக்கொள்ளும். ஒரு கடைத்தெரு, ஒரு வாரச் சந்தை, மூட்டைப்பூச்சி கடிக்கும் ஒரு சினிமாக் கொட்டகை, இவ்வளவுதான் இரண்டிலும். பெயர்களை எழுதமாட்டேன். இரகசியம் ஒன்றுமில்லை. எந்த ஊரின் பெயரை முதலில் எழுதினாலும் மற்ற ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போகப்போகத் தெரியும். நான் பிறந்தது இந்தக் கரை. வாழ்க்கைப்பட்டது அந்தக் கரை.

எதனால் பகை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள் என்பார் ஒருவர். தை மாதம் ஆற்றுத் திருவிழாவில் எந்த ஊர் அம்மன் முதலில் முழுக்குப் போடுவது என்பதில் வந்தது என்பார் இன்னொருவர். அப்பாவைக் கேட்டால், "அவனுங்க மூஞ்சே அப்படி" என்பார். எனக்குத் தெரிந்து அதுதான் உண்மையான காரணம். இவ்வளவு பகையிலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் நிற்கவில்லை. சொந்தமெல்லாம் எதிர்க்கரையில்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து அந்த ஊரைத் திட்டிக்கொண்டே அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள்.

வெட்டுக்குத்து இல்லாமல் எப்படிக் காலம் ஓடியது என்றால், இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இருந்தது. "ஆத்துல தண்ணி."

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, சாத்தனூர் அணையையும் திறந்துவிட்டால் ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும். மணல்மேல் இருந்த வண்டிப்பாதை முழுகிவிடும். திருக்கோவிலூர் வழியாகச் சுற்றி வரலாம்தான், ஆனால் பஸ் மாறி பஸ் மாறிப் பாதி நாள் போய்விடும். யாரும் சுற்றமாட்டார்கள். அந்த நாட்களில் "ஆத்துல தண்ணி" என்றால் ஆற்றில் தண்ணீர் என்று அர்த்தம். மற்ற மாதங்களில், வர இஷ்டமில்லை, ஏன் என்று கேட்காதே என்று அர்த்தம்.

சித்திரை மாதம் அந்தக் கரையில் ஒரு கல்யாணம். ஏதோ மனத்தாங்கலில் எங்கள் பெரியப்பா போகவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வந்தவன் கொதிக்கிற மணலில் உள்ளங்கால் சுட ஓடி வந்தவன். கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான். பெரியப்பா சாய்வு நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் "ஆத்துல தண்ணின்னு சொல்லு" என்றார். அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சரிங்க, தண்ணி வடியட்டும்" என்று சொல்லிவிட்டு அதே மணலில் திரும்பி ஓடினான். அதுதான் பதில். வேறு பதில் கிடையாது. என்ன தண்ணி, எங்கே தண்ணி என்று கேட்பவனை மானம் கெட்டவன் என்பார்கள். இரவல் வாங்கின அண்டாவைத் திருப்பித் தராதவர்களும் அதையே சொன்னார்கள். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போகப் பிடிக்காதவர்களும் அதையே சொன்னார்கள். கோபம் தணிகிற வரைக்கும் ஆறு ஓடும். பிறகு ஒருநாள் யாராவது ஒரு தார் வாழைப்பழத்தோடு போய் நிற்பார்கள். "தண்ணி வடிஞ்சிடுச்சா" என்று கேட்டு உள்ளே கூப்பிடுவார்கள். இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று செய்துகொண்ட ஒரே மரியாதை இதுதான்.

வேலூரிலிருந்து எங்களைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கின சமயத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் இனிமேல் பக்கத்திலேயே வரும், நிறைய வேலை வரும், டைப்ரைட்டிங் தெரிந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு. நான் ப்ளஸ் டூ முடித்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்திருந்தேன். ஹையரும் பாஸ் செய்துவிட்டால் வேலைக்கு எழுதிப்போடலாம். பெண் பார்க்க வந்தபோது அப்பா இதைச் சொன்னார். "படிக்கட்டுமே, யாரு வேணான்றது" என்றாள் என் மாமியார். மரியாதைக்கு "என்றார்" என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

அந்த வீட்டில் ஒரு கொட்டகை நிறைய மாடு. வெளுக்கும் முன்பே சாணி அள்ள வேண்டும். பிறகு தண்ணி காட்டி, தவிடு கலக்கி, பால் கறந்து, கேனைச் சைக்கிளில் ஏற்றி அனுப்ப வேண்டும். மாடுகள்மேல் எனக்குக் கோபமில்லை, அவை என்ன செய்யும். ஹையர் பரீட்சைக்கு இன்ஸ்டிடியூட்டில் சேரவேண்டும் என்று முதல் மாதமே கேட்டேன். மாமியார் தவிட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாட்டுக்கு டைப் அடிச்சிக் காட்டப் போறியா? போய் சாணிய அள்ளுடி."

என் வீட்டுக்காரர் எருமைக் கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வாக்கியம்தான் உண்டு. "அம்மா சொல்றத கேளு" என்றார்.

பிறகு தினமும் ஏதாவது ஒன்று. குழம்பு வைத்தால், "இந்தக் குழம்ப இந்தக் கரைல மாடுகூடத் தொடாது." வாய் திறந்தால், "அந்தக் கரைத் தண்ணிக்கு நாக்கு நீளம்." வாய் திறக்காவிட்டால், "அழுத்தக்காரி." எனக்குக் குழந்தை தங்கவில்லை. அதற்கும் எங்கள் ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்றாள். அவளும் எங்கள் ஊரில் பெண் எடுத்தவள்தானே, பார்த்து எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை.

தலை தீபாவளிக்கு என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மாடு கறக்கணும் என்று அவர் மறுநாளே போய்விட்டார். நான் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அணையைத் திறந்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் சொன்னதும் ஊரே ஆற்றைப் பார்க்க ஓடியது. நானும் போனேன். செம்மண் கரைந்த தண்ணீர், வைக்கோல், செத்தை, எங்கிருந்தோ பிடுங்கி வந்த தென்னை மட்டை, எல்லாம் சுழன்று ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. அங்கே என் மாமியார் இருந்தாள். இங்கே வரமுடியாது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அப்பா வடிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி, காரியக்காரர், பெண்ணுக்காக யாரிடமும் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனால் என் கையில் சாணி காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்திருந்தார். ஆற்றைத் தாண்டிப் போகும் வெற்றிலைக்காரரிடம், "சம்பந்தி வூட்ல ஆத்துல தண்ணின்னு சொல்லிடுங்க" என்றார். வெற்றிலைக்காரர் நனையாத வேட்டியோடு போய்ச் சொல்லிவிட்டு நனையாத வேட்டியோடு திரும்பி வந்தார். "வடியட்டும்னாங்க" என்றார். அந்த மாமியார்கூட மீறவில்லை. மீறினால் அவள் ஊரே அவளைக் காறித் துப்பும்.

அந்தத் தண்ணீர் பொங்கல் வரைக்கும் வடியவில்லை. திருவண்ணாமலையில் தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இன்ஸ்டிடியூட். காலை பஸ்ஸில் போவேன், மதியம் திரும்புவேன். பௌர்ணமி அன்றைக்கு மலை சுற்றுகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காது, அன்றைக்கு மட்டும் லீவு. கீழே பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற சத்தம், மேலே எங்கள் மிஷின்களின் சத்தம். என் மிஷினில் ஒரு கட்டை மட்டும் அமுக்கினால் மேலே வராது, விரலால் கிளப்பிவிட வேண்டும். அப்படியிருந்தும் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் ஒரு மனுஷி என்று தோன்றியது. பொங்கல் முடிந்ததும் மாடுகளிடம் திரும்பிப் போனேன்.

அடுத்த வருடம் மழை வந்தது, மறுபடி வந்தேன். அதற்கடுத்த வருடம் தூறலுக்கே வந்துவிட்டேன். வெள்ளத்தை அப்படி எதிர்பார்த்த ஜென்மம் இரண்டு கரையிலும் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். விட்டு விட்டுப் போனதால் விரலில் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "இப்படி மழைக்கு மழை வந்தா பரீட்சை எப்பம்மா எழுதறது" என்று மாஸ்டர் கேட்டார். வருகிற தடவை எழுதிவிடுகிறேன் என்றேன்.

அப்போதுதான் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள்.

ஊரே பூரித்துப்போனது. அப்பாவுக்குச் சந்தோஷம், மல்லாட்டை மூட்டையை நேராக அந்தக் கரை மில்லுக்கு லாரியில் அனுப்பலாம். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குச் சந்தோஷம். சாயங்காலமானால் ஆற்றங்கரைக்குப் போய், தூண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வருவது ஒரு வேலையாகிவிட்டது. அம்மா ஒருத்திதான் தூணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு இனிமே மழை வந்து இன்னா, போயி இன்னா" என்றாள். எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பி கட்டுகிறவர்களும் சிமெண்ட் கலக்குகிறவர்களும் நல்லவர்கள்தான், யாரோ சொன்ன வேலையைச் செய்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு தூணும் என் கழுத்தில் இறங்குவதாகத்தான் எனக்கு இருந்தது.

பாலத்துக்குப் பெயர் வைப்பதில் இரண்டு ஊருக்கும் சண்டை வந்தது. இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைப்பது என்று முடிவாயிற்று. எது முதலில் என்று அடுத்த சண்டை. இந்தக் கரையில் கூட்டம் போட்டார்கள், அந்தக் கரையில் கடையடைத்தார்கள். முன்பென்றால் இந்நேரம் இரண்டு பக்கமும் "ஆத்துல தண்ணி" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்திருப்பார்கள். இப்போது அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். கண்ணெதிரே பாலம் நிற்கிறது. நேருக்கு நேராக நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். பாலம் ஊர்களைச் சேர்க்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும்.

திறப்பு விழா வெயில் காலத்தில். எனக்கு அடுத்த வாரம் பரீட்சை. பங்குனியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு வந்தவள், அப்படியே இருந்தேன். இந்தத் தடவை எழுதினால் பாஸ் செய்துவிடுவேன் என்று மாஸ்டரே சொல்லியிருந்தார். யாரோ பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டினார். எங்கள் பக்க முனையில் பெயர்ப்பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துணியை இழுத்தார்கள். அந்தக் கரைப் பெயர் முதலில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கை தட்டவில்லை. பெரிய மனிதர் காரில் ஏறிக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் விழாவுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, மேஜைமேல் விரலால் வேகம் பழகிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் என் மாமியார் இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி. பின்னாலேயே என் வீட்டுக்காரர். புதுப் பாலத்தில் ரிப்பன் வெட்டினதும் வந்த முதல் வண்டி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

அப்பா அப்போதுதான் விழாவிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமியார் உட்காரக்கூட இல்லை.

"பொண்ண அனுப்புங்க சம்பந்தி. சீக்கு மாடு ரெண்டு இருக்குது, நான் ஒருத்தி என்னத்த பாக்கறது."

அப்பா தடுமாறிப்போனார். ஒரு கை சட்டைக்குள்ளேயே இருந்தது. வாய் பழகின பழக்கம், யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஆத்துல தண்ணிங்க, சம்பந்தி."

சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். எதிரே அந்தக் கரையிலிருந்து ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் வந்த வேன் நின்றிருந்தது. டிரைவர்தான் முதலில் சிரித்தான். பிறகு தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களே சிரித்தார்கள். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாக என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே இன்னாடி சாக்கு சொல்லுவ? பாலம் இருக்குது."

"அடுத்த வாரம் பரீட்ச அத்தே. எழுதிட்டு வந்துடறேன். ஒரு வாரம்தான்."

"பாலம் இருக்குது" என்றாள் மறுபடி. வேறு எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அம்மா சொல்றத கேளு" என்றார். அப்பாவைப் பார்த்தேன். ஊர் சிரித்த பிறகு அவரிடம் எதுவும் மிச்சம் இல்லை. "போயிட்டு வாம்மா" என்றார். அம்மா உள்ளே போய் என் பையை எடுத்து வந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாமேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வரவில்லை.

வேன் பாலத்தில் ஏறும்போது பெயர்ப்பலகையைச் சுற்றிக் கூட்டம். எங்கள் ஊர்ப் பையன்கள் ஏணி போட்டு ஏறி, அந்தக் கரைப் பெயர்மேல் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே எப்படியோ நுழைந்து தாண்டிவிட்டான். பாதிப் பாலம் போயிருப்போம், எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்கள் ஊர் ஆட்கள் கழியோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். கல் ஒன்று வேன் கூரையில் விழுந்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பதுங்கிக்கொண்டான்.

எதிரே அவர்கள், பின்னால் இவர்கள், நடுவில் நான். கீழே எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெள்ளை மணல். ஒரு நாய் குறுக்கே நடந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் இனி எந்த மழைக்கும் திரும்பி வரமாட்டேன் என்று தெரிந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

"எங்கடி போற?" மாமியாரின் குரல் பின்னாலிருந்து வந்தது.

திரும்பி நின்றேன். இரண்டு ஊரும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"ஆத்துல தண்ணி, அத்தே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கழியோடு வந்தவர்கள்கூட ஒரு கணம் நின்றார்கள். அவர்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். சொன்ன பிறகு மேலே கேட்கக்கூடாது என்பதும் தெரியும். நான் நடந்தேன். பலகையைத் தாண்டும்போது ஏணிமேலிருந்து தார் சொட்டிப் புடவை முந்தானையில் விழுந்தது. அது எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

சண்டை பெரிதாகிவிட்டது. மண்டை உடைந்தது, பஸ் கண்ணாடி உடைந்தது. பாலத்தின் இரண்டு முனையிலும் போலீஸ் நின்று வண்டிகளை விடவில்லை, மணலில் நடந்து வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். பரீட்சை முடிகிறவரை யாரும் என்னைக் கூப்பிட்டுப் போக வரமுடியவில்லை. அந்தப் பாலம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் மூடிக்கிடந்ததுதான். ஹையர் பாஸ் செய்தேன். அப்பா நெடுநாள் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினாள். நான் பேசவில்லை.

பிறகு அந்தக் கரைக்கு நான் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சில வருடம் கழித்து பரீட்சை எழுதி வேலை கிடைத்தது. முதலில் கீழ்பென்னாத்தூரில், பிறகு திருவண்ணாமலையை ஒட்டி, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில். ஆபீசுக்கு நடந்து போகிற தூரத்தில், புதிதாகக் கட்டின வீடுகளுக்கு நடுவில், ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். பெயர்ப்பலகை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மாற்றி எழுதினார்கள், அந்தக் கரையார் தார் பூசினார்கள். மறுபடி மாற்றினார்கள், இந்தக் கரையார் பூசினார்கள். கடைசியில் பெயர் இல்லாமலே விட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு ஊரிலும் வரப் பிடிக்கவில்லை என்றால், "உன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சொன்ன பிறகு வாழைப்பழத்தோடு போய் நிற்க யாருக்கும் வழியில்லை.

ஆறும் செத்துவிட்டது. மணலை ராப்பகலாக அள்ளி லாரியில் ஏற்றினார்கள். அள்ளினவர்களில் என் பழைய வீட்டுக்காரரும் ஒருவர். பாறை தெரிகிறது, கருவேலம் முளைத்துக் கிடக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருக்கும். ஒரு பௌர்ணமி அன்று மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் லீவு. யாரோ மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுகிற சத்தம். கதவைத் திறந்தேன். என் மாமியார் ஒயர் கூடையோடு நின்றிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். கழுத்து மணி இல்லை, காதில் ஒன்றுமில்லை.

"பஸ்ல நிக்க எடமில்ல. எல்லாம் மலை சுத்தற கூட்டம்" என்றாள், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளே வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "தீப்பெட்டியாட்டம் இருக்குது" என்றாள். சாப்பாடு போட்டேன். சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "புளி ஜாஸ்தி" என்றாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். வெறிபிடித்துச் சாப்பிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பரிதாபம் வரவில்லை, அதை மறைக்கவும் போவதில்லை. பார்க்கப் பார்க்கப் பழைய கோபம்தான் வந்தது.

சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கை கழுவினாள். தண்ணீர் பட்டபோது முகத்தைச் சுளித்தாள். விரல் இடுக்குகளில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"புதுசா வந்தவளுக்கு மாட்டு வாடை ஆவாதாம். மூச்சு முட்டுதாம்" என்றாள். "பத்து மாட்டையும் நான்தான். எழுந்திருக்கலைனா கஞ்சி கெடையாது."

"உங்க புள்ள இன்னா சொல்றாரு?"

"அவ சொல்றத கேளும்மான்றான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. அவள் என்னை முறைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கஷ்டமாகியிருக்கும், நல்லவேளை அழவில்லை. சேலைத் தலைப்பை விரித்துப் படுத்துவிட்டாள். அன்றைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. காப்பி கம்மியாக இருக்கிறது என்றாள், மெத்தை முதுகில் குத்துகிறது என்றாள். எப்போது கிளம்புகிறாய் என்று ஒவ்வொரு வேளையும் கேட்க நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டெலிபோன் மணி அடித்தது. அந்த மணியைக் கேட்டதும் அவள் காலை மடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் டெலிபோனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வெடித்த கையைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆத்துல தண்ணின்னு சொல்லிடு."

இத்தனை வருடம் அவளுக்காக நான் பத்திரமாக வைத்திருந்த வார்த்தை ஒன்று இருந்தது. அப்பா ஒரு கையில் சட்டையோடு நின்ற வாசலில், ஊர் சிரிக்க அவள் என் முகத்தில் எறிந்தது. அதை எடுத்து நிதானமாகக் கொடுத்தேன்.

"பாலம் இருக்குதே, அத்தே."

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"இருக்குதுடி. அதான் பயமா இருக்குது."

ரிசீவரை எடுத்தேன். அவர்தான். எங்கள் ஊரில் யாரிடமோ நம்பர் வாங்கி, இத்தனை வருடம் கழித்து என்னிடம் பேசுகிறவர், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா அங்கதான இருக்குது? அனுப்பு. மாடு கறக்க ஆளில்ல. வேன் எடுத்துட்டு வரட்டுமா?"

"ஆத்துல தண்ணிங்க" என்றேன்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்கூட இல்லை, அதை அள்ளி விற்றவரே அவர்தான். அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். ஆனாலும் அந்தக் கரையில் பிறந்தவர். ஒருவர் அதைச் சொல்லிவிட்டால் மேலே கேட்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"சரி, வடியட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.